புது வாரியம் போட்டால் ரேடியோ சரியாகிவிடுமா?

பினாங்கு கடைத்தெருவில் நான் காலையில் தே தாரே குடிக்கும் கடையில் ரேடியோ எந்நேரமும் அரசாங்கத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம்மில்தான் நிற்கும். ஒலியைக் கூட்டும் திருகு எப்போதோ உடைந்துவிட்டது. கடைக்கார அண்ணன் அந்த இடத்தில் ஒரு பேனா மூடியைச் செருகி வைத்திருக்கிறார். ஒரு நாள் செய்தியில், ஏதோ ஒரு நாட்டில் நொடித்துப்போன ஒலிபரப்புக் கழகத்துக்குப் புது வாரியம் அமைத்திருப்பதாக ஒரு வரி வந்தது. அண்ணன் பேனா மூடியைத் திருகி ஒலியைக் குறைத்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, இந்த வாரியம்னா நம்ம அறப்பணி வாரியம் மாதிரியா? புதுசா ஆள் போட்டா ரேடியோ சரியாயிடுமா?"

கேட்டவர் கோயில் கமிட்டியில் பத்து வருஷம் பொருளாளராக இருந்தவர். அதனால் அவருக்குச் சொன்ன பதிலையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில், கிட்டத்தட்ட ஆமாம். பினாங்கில் வாரியம் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு இந்து அறப்பணி வாரியம்தான் ஞாபகம் வரும். 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயில் அதன் பொறுப்பில் இருக்கிறது. அதன் ஆணையர்களைப் பக்தர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். ஆணையர்கள் யாரும் அர்ச்சனைத் தட்டைத் தொடுவதும் இல்லை. பூசை குருக்கள் வேலை, அன்றாடக் கணக்கு அலுவலகத்தின் வேலை. வேலை ஒழுங்காக நடக்கிறதா, காசு ஒழுங்காகப் போகிறதா என்று மேலிருந்து பார்ப்பதும், பெரிய முடிவுகளை எடுப்பதும்தான் வாரியம்.

பொது ஒலிபரப்புக் கழகத்திலும் இதே ஏற்பாடுதான். பாட்டுப் போடுவது அறிவிப்பாளர், செய்தி எழுதுவது செய்திப் பிரிவு, எல்லாரையும் கட்டி மேய்ப்பது தலைமை நிர்வாகி. வாரியம் அவ்வப்போது கூடும். தலைமை நிர்வாகியை அமர்த்தும், சரிப்படவில்லை என்றால் அனுப்பும். வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தரும். தணிக்கை அறிக்கையை வைத்துக்கொண்டு குடைந்து குடைந்து கேள்வி கேட்கும், அல்லது கேட்க வேண்டும்.

இதோடு சட்டப் புத்தகத்தில் அவ்வளவு பளிச்சென்று தெரியாத வேலை ஒன்றும் உண்டு. வாரியம் ஒரு வேலி. அந்தப் பக்கம் அரசாங்கம், இந்தப் பக்கம் செய்தி அறை. "அந்தச் செய்தியை ஏன் போட்டீர்கள்?" என்று ஒரு அமைச்சர் ஃபோன் போட்டால், அதை எடுக்க வேண்டியவர் வாரியத் தலைவர். அந்த அழைப்பு ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்திருக்கும் செய்தி ஆசிரியருக்குப் போய்ச் சேரக் கூடாது. இதைச் செய்யாத வாரியத்துக்குக் கூட்டப் படியும் காரும் கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

சரி, பொது ஒலிபரப்பு என்றால்? மக்கள் பணத்தில், அதாவது லைசென்ஸ் கட்டணத்திலோ வரியிலோ நடப்பது. விளம்பரக்காரர் கண்டுகொள்ளாத ஆட்களுக்கும் சேர்த்து நடப்பது. ராகா என்ற தனியார் தமிழ் வானொலியை நடத்துவது ஆஸ்ட்ரோ நிறுவனம், அது வியாபாரம். லாபம் இல்லை என்றால் என்ன செய்வது என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். பொது வானொலியில் அப்படி ஒரு கடையை மூடுவதற்கு முன் ஊருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. இதற்கு டர்பன் வரை போய்வர வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் நம்மைப் போலவே கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன தமிழர்களின் பிள்ளைகள் டர்பனைச் சுற்றி நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கும் மற்ற இந்திய வம்சாவளியினருக்கும் லோட்டஸ் எஃப்எம் என்று ஒரு நிலையம் உண்டு. 1983-இல் ரேடியோ லோட்டஸ் என்ற பெயரில் தொடங்கியது. நமக்கு மின்னல் மாதிரி அவர்களுக்கு அது. அதை நடத்துவது எஸ்ஏபிசி, தென்னாப்பிரிக்க ஒலிபரப்புக் கழகம். 1936-இல் தொடங்கிய பழைய நிறுவனம்.

அங்கே ஹ்லாவுடி மொட்சொனெங் என்று ஓர் அதிகாரி, நடைமுறைப் பிரிவின் தற்காலிகத் தலைவராக இருந்தார். பொதுமக்கள் புகார்களை விசாரிக்கும் பொதுப் பாதுகாவலர் என்ற அரசியல் சட்டப் பதவி அந்நாட்டில் உண்டு. அதில் இருந்த துலி மடோன்செலா 2014 பிப்ரவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டார். பள்ளி இறுதித் தேர்வு தேறியதாக இவர் பொய் சொன்னார், ஒரே நிதியாண்டில் இவருடைய சம்பளம் 15 லட்சம் ராண்டிலிருந்து 24 லட்சம் ராண்டுக்கு ஏறியது என்றெல்லாம் அதில் இருந்தது. நம் ஊர்க் கமிட்டியில் இப்படி ஒரு அறிக்கை வாசித்தால் ஆள் அன்றைக்கே செருப்பைத் தேட வேண்டியிருக்கும். அங்கே என்ன நடந்தது தெரியுமா? அதே ஆண்டு ஜூலையில், வாரியத்தின் சிபாரிசில், அமைச்சர் அவரை அதே பதவியில் நிரந்தரமாக்கினார்.

2016-இல் அவர் இரண்டு உத்தரவு போட்டார். ஒன்று, போராட்டத்தில் கட்டடங்களைக் கொளுத்துவது, உடைப்பது போன்ற காட்சிகளைக் காட்டக் கூடாது. உள்ளாட்சித் தேர்தலுக்கு இரண்டு மூன்று மாதமே இருந்த நேரம் அது. எதிர்த்துப் பேசிய செய்தியாளர்கள் எட்டுப் பேர் வேலையிழந்தார்கள். மற்றது, வானொலியில் 90 விழுக்காடு உள்ளூர் இசை இருக்க வேண்டும் என்பது. கேட்க நல்ல விஷயம்தான், உள்ளூர்க் கலைஞர்களுக்குச் சந்தோஷம். ஆனால் இந்தியப் பாட்டை நம்பி ஓடிக்கொண்டிருந்த லோட்டஸுக்கு அது பேரிடி. காலையில் தமிழ்ப் பாட்டும் இந்திப் பாட்டும் கேட்டுப் பழகிய நேயர்கள் கொதித்துப்போனார்கள், பலர் கேட்பதையே விட்டார்கள்.

இந்த இரண்டு உத்தரவையும் தடுக்க வேண்டிய இடத்தில் இருந்தது வாரியம். தடுக்கவில்லை. செய்தி ஆசிரியரிலிருந்து டர்பனில் சமையலறையில் ரேடியோ கேட்கும் பாட்டி வரை எல்லாருடைய தலையிலும் விடிந்தது அந்த ஒரு மௌனம்தான்.

2016 அக்டோபரில் நாடாளுமன்றக் குழு வாரியத்தைக் கூப்பிட்டு விசாரித்தபோது, கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். முன்பே பல நாற்காலி காலி. சட்டப்படி அந்த வாரியத்தில் நிர்வாகப் பொறுப்பில் இல்லாத உறுப்பினர்கள் 12 பேர், நிர்வாகிகள் 3 பேர். முடிவெடுக்கக் குறைந்தது 9 பேர் வேண்டும். அந்த எண்ணிக்கையே இல்லாமல் போனது.

இந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கையைத்தான் நம் சங்கங்களில் கோரம் என்கிறோம். கோரம் இல்லாவிட்டால் நிலைமை உண்மையிலேயே கோரமாகத்தான் இருக்கும். நான் செயலாளராக இருந்த ஒரு சங்கத்தில் ஒரு வருஷம் ஆண்டுக் கூட்டத்துக்கு இரண்டு பேர் குறைந்தார்கள். அரை மணி நேரம் காத்திருந்தோம். மீ கோரேங் ஆறிப் போனது. கடைசியில் தலைவர் கார் நிறுத்துமிடத்தில் தன் அப்பாவுக்காகக் காத்திருந்த ஒரு பையனையும், சாப்பாடு கொண்டுவந்த அக்காவையும் உள்ளே கூப்பிட்டு வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கிவிட்டார். அந்த அக்கா சந்தா கட்டியவரே இல்லை. சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பும் குறிப்பை எழுதும்போது எனக்குக் கை கூசியது. சின்னச் சங்கத்தில் இதைச் சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம். ஆயிரக்கணக்கான ஊழியர்கள் இருக்கும் ஒலிபரப்புக் கழகத்தில், தகுதியில்லாத கூட்டம் எடுத்த முடிவை யார் வேண்டுமானாலும் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம்.

நாடாளுமன்றம் ஒரு தனி விசாரணைக் குழுவைப் போட்டு, சாட்சிகளைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் நேரலையில் காட்டியது. 2017 மார்ச்சில் அறிக்கையை ஏற்றது. அம்மாத இறுதியில் ஐந்து பேர் கொண்ட இடைக்கால வாரியம் வந்தது, கன்யிசிலே க்வேயாமா தலைவர். முந்தைய அக்டோபரில் கூட்டத்தின் நடுவே விலகிய இருவரில் ஒருவரான கிரிஷ் நாயுடுவும் அந்த ஐவரில் இருந்தார். இடைக்கால வாரியத்துக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆயுள் கிடையாது என்பது அங்கே சட்டம். அதற்குள் 90 விழுக்காடு உத்தரவு போனது, மொட்சொனெங்கும் போனார். லோட்டஸில் பழைய பாட்டுகள் திரும்பின.

அப்படியென்றால் புது வாரியம் வந்தால் சரியாகும் என்றுதானே ஆகிறது? அண்ணனும் இதையேதான் கேட்டார். பாட்டு திரும்பியது உண்மை. மற்றதற்கு, ஆள் எப்படி உள்ளே வந்தார், எப்படி வெளியே போக முடியும், பணப்பெட்டிச் சாவி யாரிடம் என்று பார்க்க வேண்டும்.

உள்ளே வரும் வழி நாட்டுக்கு நாடு வேறு. தென்னாப்பிரிக்காவில் நல்ல முறை ஒன்று உண்டு. காலியிடம் வந்தால் பொதுமக்கள் பெயர் அனுப்பலாம். நாடாளுமன்றக் குழு ஆட்களைக் கூப்பிட்டு எல்லாரும் பார்க்க நேர்காணல் நடத்தும், அந்தப் பட்டியலை வைத்து அதிபர் நியமிப்பார். அயர்லாந்தில் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஇயின் வாரியத்துக்குப் 12 பேர்: 6 பேர் அமைச்சர் பக்கம், 4 பேர் நாடாளுமன்றக் குழுவின் சிபாரிசு, ஒருவர் ஊழியர்களே தேர்ந்தெடுத்தவர், இன்னொருவர் தலைமை இயக்குநர். ஊழியருக்கு ஒரு நாற்காலி கொடுத்திருப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. மேலே சொல்லப்படும் கதை கீழே எப்படி நடக்கிறது என்று தெரிந்த ஆள் ஒருவராவது அறைக்குள் இருப்பார்.

ஜெர்மனியில் விஷயம் நீதிமன்றம் வரை போனது. இசட்டிஎஃப் தொலைக்காட்சியின் மேற்பார்வைக் குழுவில் அரசாங்கமும் கட்சிகளும் சார்ந்தவர்கள் அளவுக்கு மீறி இருக்கிறார்கள் என்று, அவர்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என 2014-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் வரம்பு கட்டியது. எண்ணிக்கையாகவே சொல்லிவிட்டார்கள் பாருங்கள். "நடுநிலையாளர்களை நியமிக்க வேண்டும்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஒவ்வொரு அரசாங்கமும் தன் ஆளையே நடுநிலையாளர் என்று சொல்லும்.

ஆஸ்திரேலியாவில் 2012-இல் தனிக் குழு ஒன்று பெயர்களைச் சல்லடை போட்டுத் தரும் முறையைச் சட்டமாக்கினார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் குழுவின் பட்டியலில் இல்லாதவரையும் அரசாங்கம் நியமிக்கலாம் என்று ஒரு கதவைத் திறந்தே வைத்தார்கள். 2019-இல் அந்நாட்டுப் பொது ஒலிபரப்புக் கழகமான ஏபிசிக்குத் தலைவரான ஐட்டா பட்ரோஸ் அந்தக் கதவு வழியாக வந்தவர்தான். அவர் மோசமானவர் என்று நான் சொல்லவில்லை, பத்திரிகைத் துறையில் பெரிய பெயர். கதவு திறந்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

இங்கிலாந்தின் பிபிசியும் தப்பவில்லை. அங்கே தலைவராக யார் வருவது என்பதில் கடைசிச் சொல் அரசாங்கத்துடையது. ரிச்சர்ட் ஷார்ப் என்ற தலைவர், அந்தப் பதவிக்கு விண்ணப்பித்திருந்த நேரத்தில் பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கு 8 லட்சம் பவுண்டு கடன் உத்தரவாதம் தொடர்பாக ஆள் பிடித்துவிடுவதில் தனக்கிருந்த பங்கைச் சொல்லாமல் விட்டார். அது தெரியவந்து, விசாரணை அறிக்கையும் வந்த பிறகு, 2023 ஏப்ரலில் விலகுவதாக அறிவித்தார்.

வெளியே போகும் வழியும் முக்கியம். அமைச்சர் நினைத்தவுடன் நீக்கலாம் என்றால் வாரியம் காலையில் எழுந்ததும் அமைச்சர் முகத்தைத்தான் பார்க்கும். யாராலுமே நீக்க முடியாது என்றால் வேறு விதமான ஆட்டம். காரணம் காட்டி, விசாரித்து, பிறகுதான் நீக்கலாம் என்று எழுதி வைக்கிறார்கள். இருந்தாலும் எழுதாத வழி ஒன்று எப்போதும் இருக்கும். அயர்லாந்தில் ஒரு நிகழ்ச்சித் தொகுப்பாளருக்கு வெளியே சொல்லாமல் கொடுத்த பணத்தால் 2023-இல் பெரிய ஊழல் பேச்சு கிளம்பி, ஆர்டிஇ தலைகீழானது. 2024 பிப்ரவரியில் அமைச்சர் ஆர்டிஇயின் செய்தி நிகழ்ச்சியிலேயே உட்கார்ந்துகொண்டு, வாரியத் தலைவர் மேல் நம்பிக்கை இருக்கிறது என்று சொல்ல மறுத்தார். தலைவர் அன்றிரவே விலகினார். எந்த உத்தரவும் போடாமல், அதே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வீட்டுக்காரியை அனுப்பியது போல.

பணம். இங்கேதான் புது வாரியங்கள் பெரும்பாலும் மூச்சு முட்டி நிற்கின்றன. தென்னாப்பிரிக்காவில் டிவி லைசென்ஸ் ஆண்டுக்கு 265 ராண்ட். பெரும்பாலான வீடுகள் கட்டுவதில்லை. கடைசியில் அரசாங்கம் 320 கோடி ராண்ட் கொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. அயர்லாந்தில் லைசென்ஸ் 160 யூரோ. ஊழல் பேச்சுக்குப் பிறகு கட்டுகிறவர்கள் குறைந்தார்கள், 2024-இல் அரசாங்கம் மூன்று வருஷத்துக்கு 72.5 கோடி யூரோ ஒதுக்கியது. புது வாரியத்தில் ஊரிலேயே நேர்மையான 12 பேரை உட்கார வைத்தாலும், கட்டணத்தைக் கூட்டுவதும் வசூல் முறையை மாற்றுவதும் அவர்கள் கையில் இல்லை. ஆள் குறைப்பு மட்டும் அவர்கள் கையில் இருக்கும். 2018 இறுதியில் எஸ்ஏபிசியில் ஆட்குறைப்புப் பேச்சில் சண்டை வந்து உறுப்பினர்கள் விலகிப் போக, அங்கே மறுபடியும் கோரம் இல்லை. ஆக, இடைக்கால வாரியத்துக்குப் பிறகு 2017 அக்டோபரில் கொண்டாடிக் கொண்டுவந்த வாரியத்தின் கதி ஒன்றரை வருஷத்துக்குள் அது.

பணம் கொடுப்பவர் கையைப் பிடித்தபடியே கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆகாசவாணியும் உதாரணம். அதையும் தூர்தர்ஷனையும் அமைச்சின் பிடியிலிருந்து எடுத்து ஒரு வாரியத்திடம் கொடுக்க இந்தியா 1990-இல் பிரசார் பாரதி சட்டத்தை நிறைவேற்றியது. நடைமுறைக்கு வந்தது 1997-இல். உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கத் துணைக் குடியரசுத் தலைவர் தலைமையில் மூவர் குழு எல்லாம் உண்டு. ஆனால் சம்பளப் பணம் இன்னமும் பெரும்பகுதி அதே அமைச்சின் வழியாகத்தான் வருகிறது.

"நம்ம ஆர்டிஎம்முக்கு யார் வாரியத் தலைவர்?" என்றார் அண்ணன்.

யாரும் இல்லை. மின்னலை நடத்தும் ஆர்டிஎம், தொடர்பு அமைச்சின் கீழ் வரும் ஒரு இலாகா. 1946 ஏப்ரல் 1-இல் ஒலிபரப்பு இலாகாவாகத் தொடங்கியது, இன்றும் இலாகாதான். தலைமை இயக்குநர் அரசாங்க ஊழியர், அவருக்கு மேலே அமைச்சு. நடுவில் அந்த வேலி கிடையாது. டிவி லைசென்ஸ் என்று ஆண்டுக்கு 24 ரிங்கிட் கட்டிய காலம் உண்டு, இப்போது அதுவும் இல்லை. பட்ஜெட்டில் வருகிறது, கொஞ்சம் விளம்பரத்தில் வருகிறது. நம் தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமா வேறு மாதிரி. அதற்கு 1967-இல் தனிச் சட்டம் போட்டார்கள், மேலே ஒரு நிர்வாக வாரியம் உண்டு. அதனால் வெளிநாட்டுச் செய்தியில் "ஒலிபரப்புக் கழகத்துக்குப் புது வாரியம்" என்று கேட்டுவிட்டு, நம் ஊரிலும் இப்படிச் செய்யலாமே என்று நினைத்தால், முதலில் இலாகாவைக் கழகமாக மாற்றும் சட்டம் வேண்டும். மின்னலுக்குத் தமிழ் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் உட்காருவாரா என்ற கேள்வியும் அப்போதுதான் வரும். இப்போதைக்கு அந்த மேசையே இல்லை.

அண்ணன் கொஞ்ச நேரம் கல்லாவைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, டர்பன்காரர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார்.

2017 அக்டோபரில் வந்த வாரியத்தின் ஐந்தாண்டு 2022 அக்டோபரில் முடிந்தது என்றேன். அடுத்ததற்குப் பெயர் கேட்டு, நேர்காணல் முடித்து, பட்டியலும் அதிபர் மேசைக்குப் போயிருந்தது. நியமனம் வந்தது 2023 ஏப்ரலில். ஆறு மாதம் வாரியமே கிடையாது. லோட்டஸில் பாட்டு நிற்காமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அந்த ஆறு மாசம் செக்குல கையெழுத்து யாரு?"

பொருளாளர் புத்தி போகுமா. அன்றாடச் செலவுக்கு நிர்வாகிகள் போடலாம், அண்ணே. சம்பளம், கரண்ட் பில் எல்லாம் போய்விடும். அவர்கள் அதிகார வரம்பைத் தாண்டிய பெரிய ஒப்பந்தம், அடுத்த வருஷத்துப் பட்ஜெட், இதெல்லாம் வாரியத்தின் ஒப்புதலுக்குக் காத்துக் கிடக்கும்.

"அப்போ ஆறு மாசம் ஃபைல் எல்லாம் அப்படியே கிடந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, பேனா மூடியைத் திருகி ஒலியைக் கூட்டினார்.